'ஸ்விம்மிங்' வினையா, பெயரா?

கேள்வி இது: "'ஐ ஆம் ஸ்விம்மிங்' என்றால் ஸ்விம்மிங் வினை என்கிறார்கள். 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்றால் அதே சொல் பெயர்ச்சொல்லாம். 'எ ஸ்விம்மிங் டக்' என்றால் பெயரடை ஆகிவிடுகிறதாம். ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் மூன்று பெயர். ஜெரண்ட், பார்ட்டிசிபிள், இன்ஃபினிடிவ் என்று எத்தனை முறை படித்தாலும் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. குழப்பமில்லாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?"

உண்டு. ஆனால் அந்த மூன்று பெயர்களிலிருந்து தொடங்கினால் வராது. தமிழிலிருந்து தொடங்கினால் வரும். இதே வேலையைத்தான் பேச ஆரம்பித்த வயதிலிருந்து நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

'படி' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'படித்தேன்' என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது, அது வினைமுற்று. 'படித்தல்', 'படிப்பது' என்றால் தொழிற்பெயர். 'படித்த' என்று நிறுத்தினால் அது ஒரு பெயரைத் தேடுகிறது, பெயரெச்சம். 'படித்து', 'படிக்க' என்றால் இன்னொரு வினையைத் தேடுகிறது, வினையெச்சம். 'படித்தவர்' என்றால் ஆளையே குறிக்கிறது, வினையாலணையும் பெயர். வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருக்கிறது. வாலைப் பார்த்தாலே என்ன வேலை என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்திலும் வேலைகள் ஏறக்குறைய இவைதான். வால்கள்தான் போதவில்லை. 'இங்' ஒன்று, 'எட்' அல்லது 'என்' ஒன்று, முன்னால் 'டு' சேர்த்த வடிவம் ஒன்று. இந்த மூன்றை வைத்துக்கொண்டு அத்தனை வேலையையும் சமாளிக்க வேண்டும். அதனால் ஒரே வால் பல இடங்களில் வருகிறது. என்ன வேலை என்பதை, வாக்கியத்தில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். 'ஸ்விம்மிங்' என்று தனியாக எழுதிக் காட்டி இது என்ன வகை என்று கேட்டால் இலக்கணப் பேராசிரியராலும் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு விஷயம். வேறு வேலைக்குப் போகும் வினை தன் பழைய குடும்பத்தை விட்டுவிட்டுப் போவதில்லை. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமலே கடந்துபோகின்றன, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. 'ஹி என்ஜாய்ஸ் ரீடிங் ஓல்ட் லெட்டர்ஸ் ஸ்லோலி' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய கடிதங்களை மெதுவாகப் படிப்பது அவருக்குப் பிடிக்கும். எது பிடிக்கும் என்று கேட்டால் 'ரீடிங்' முதல் 'ஸ்லோலி' வரை மொத்தமும் பதில். அந்த மொத்தத்தையும் எடுத்துவிட்டு 'மியூசிக்' என்று ஒரு பெயரைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆக வெளியிலிருந்து பார்த்தால் அது பெயர். உள்ளே எட்டிப் பார்த்தால் கதை வேறு. 'ரீடிங்' தனக்கென்று ஒரு செயப்படுபொருளை வைத்திருக்கிறது, 'ஓல்ட் லெட்டர்ஸ்'. நடுவில் 'ஆஃப்' இல்லை. எப்படிப் படிப்பது என்பதற்கு 'ஸ்லோ' என்ற பெயரடை வரவில்லை, 'ஸ்லோலி' என்ற வினையடைதான் வந்திருக்கிறது. இந்த இரண்டும் வினைக்கு மட்டுமே கிடைக்கிற சலுகைகள். உள்ளே வினை, வெளியே பெயர். ஜெரண்ட் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அதே 'ரீடிங்' இன்னொரு வாக்கியத்தில் முழுப் பெயராகவே மாறிவிடும். 'ஹிஸ் ஸ்லோ ரீடிங் ஆஃப் தி லெட்டர்ஸ்' என்றால் 'ஸ்லோ' பெயரடை, கடிதங்களுக்கு முன்னால் 'ஆஃப்' வந்துவிட்டது. குடும்பம் கலைந்துபோயிற்று. 'பில்டிங்', 'மீட்டிங்', 'பெயிண்டிங்' எல்லாம் இன்னும் ஒரு படி மேலே போய், எண்ணிப் பார்க்கும்படி பன்மையும் வாங்கிக்கொண்டவை: பில்டிங்ஸ், மீட்டிங்ஸ். இவற்றை ஜெரண்ட் என்று சொல்ல வேண்டியதே இல்லை, வெறும் பெயர்ச்சொற்கள்.

தமிழில் இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனிச் சொல் உண்டு. 'கணக்கைக் கவனமாகப் படிப்பது' என்கிறோம். 'படிப்பது' ஐ உருபு ஏற்ற பெயரையும் 'கவனமாக' என்ற அடையையும் தாங்குகிறது. 'படிப்பு' தாங்காது. 'கணக்கைப் படிப்பு' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. நமது 'படிப்பது', 'படிப்பு' இரண்டின் இடத்திலும் ஆங்கிலத்தில் ஒரே 'இங்' நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில், 'ஐ டோன்ட் லைக்' என்பதற்குப் பின்னால் 'ஹிஸ் கோயிங்' சரியா, 'ஹிம் கோயிங்' சரியா என்ற பழைய சண்டையையும் முடித்துவிடலாம். ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் 'ஹிம் கோயிங்' வகையைக் கடுமையாகக் கண்டித்தார். டென்மார்க்கின் மொழியறிஞர் யெஸ்பர்சன் அதை மறுத்தார், ஆங்கிலத்தில் அது வெகுகாலமாகப் புழங்கும் அமைப்புதான் என்றார். தமிழ் காதோடு கேட்டால் இரண்டு பக்கமும் புரியும். நாம் 'அவன் போவது பிடிக்கவில்லை' என்போம், 'அவனுடைய போக்கு பிடிக்கவில்லை' என்றும் சொல்வோம். 'போவது' உள்ளே வினையாக இருப்பதால் 'அவன்' எழுவாயாகவே நிற்கிறது. 'போக்கு' முழுப் பெயர், அதனால் 'அவனுடைய' கேட்கிறது. ஆங்கிலத்தில் 'கோயிங்' நடுவில் நிற்பதால் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். எழுத்தில், அதுவும் தேர்விலோ அலுவல் கடிதத்திலோ, 'ஹிஸ்' போடுங்கள். பேச்சில் 'ஹிம்' வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

சரி, 'ஐ ஆம் ஸ்விம்மிங்' விஷயத்துக்கு வருவோம். 'மை ஹாபி இஸ் ஸ்விம்மிங்' என்பதை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் 'ஆம்', 'இஸ்' வருகிறது, இரண்டிலும் பின்னால் 'ஸ்விம்மிங்'. ஆனால் இரண்டாவதைத் திருப்பிப் போடலாம்: 'ஸ்விம்மிங் இஸ் மை ஹாபி'. நீச்சலும் பொழுதுபோக்கும் ஒன்று என்று அது சொல்கிறது, எனவே பெயர். முதலாவதைத் திருப்பினால் நானே நீச்சல் என்றாகிவிடும். அங்கே 'ஆம்' துணைவினை, 'ஸ்விம்மிங்' முதன்மை வினையின் பகுதி. நீந்திக்கொண்டிருக்கிறேன். இப்படித் திருப்பிப் பார்ப்பது சின்ன வித்தை, ஆனால் பெரும்பாலான சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வெவ்வேறு விகுதிகள். தொழிற்பெயருக்கு 'உங்', 'இங்'. பெயரெச்சம் போன்ற வடிவத்துக்கு 'எண்டே'. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கரைந்து, கடைசியில் 'இங்' மட்டும் மிஞ்சியது. அதாவது ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கும் நம்மைப் போலத் தனித்தனி வால் இருந்தது, பிறகு தொலைத்துவிட்டது. அந்தப் பழைய 'எண்டே' இன்னும் ஒரு சில சொற்களில் ஒளிந்திருக்கிறது. 'ஃப்ரெண்ட்' அவற்றில் ஒன்று. அன்பு செய்வது என்று பொருள்படும் பழைய வினையிலிருந்து வந்தது, அன்பு செய்கிறவன் என்று அர்த்தம். 'ஃபீண்ட்' என்பது வெறுக்கிறவன். இரண்டும் நமது வினையாலணையும் பெயர் போலப் பிறந்து, காலப்போக்கில் பிறப்பை மறந்துபோன சொற்கள். 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜின் பெரிய ஆங்கில இலக்கண நூல், இன்றைய ஆங்கிலத்தில் ஜெரண்டையும் பார்ட்டிசிபிளையும், அதாவது பெயரெச்சம் போல வரும் 'இங்' வடிவத்தையும், பிரிப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லி, இரண்டு பெயரையும் இணைத்து ஒரே பெயராக வைத்துவிட்டது. வடிவத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தமிழில் யோசிக்கிற நமக்குப் 'படிப்பது' வேறு, 'படிக்கும்' வேறு என்பதால், அந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்வது வசதிதான்.

பெயரடையாக வரும் 'இங்' பற்றி இனி. 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்றால் தூங்கும் குழந்தை. 'ஸ்லீப்பிங் பேக்' என்றால்? பை தூங்கவில்லை, தூங்குவதற்கான பை. 'வாக்கிங் ஸ்டிக்' நடப்பதில்லை, 'டிரிங்கிங் வாட்டர்' எதையும் குடிப்பதில்லை. முதலாவது பார்ட்டிசிபிள், மற்றவை ஜெரண்ட் என்று இலக்கணம் சொல்லும். நமக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 'வாக்கிங் ஸ்டிக்' என்றால் ஊன்றுகோல், 'டிரிங்கிங் வாட்டர்' என்றால் குடிநீர். இரண்டும் வினைத்தொகை! வினையின் வேர் பெயரோடு ஒட்டிக்கொண்டு, காலத்தையும் உறவையும் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. கோல் ஊன்றுகிறதா, கோலை ஊன்றுகிறார்களா என்று யாரும் நின்று கேட்பதில்லை. ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. இரண்டையும் காதால்கூடப் பிரிக்கலாம். நடனம் சொல்லித்தருபவரைக் குறிக்கும்போது 'டான்சிங் டீச்சர்' என்பதில் அழுத்தம் 'டான்' மீது விழும். ஆடிக்கொண்டிருக்கும் ஆசிரியர் என்றால் அழுத்தம் 'டீச்' மீது போய்விடும்.

அடுத்தது 'எட்'. தமிழ் பேசுபவர்கள் உண்மையிலேயே தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

நமது பெயரெச்சம் தாராள மனசுக்காரர். 'படித்த பையன்', 'படித்த புத்தகம்', 'படித்த பள்ளி', 'படித்த நாள்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'படித்த' போதும். பையன் படித்தான், புத்தகத்தைப் படித்தார்கள், பள்ளியில் படித்தார்கள், நாளில் படித்தார்கள். உறவு ஒவ்வொன்றும் வேறு, சொல் ஒன்று. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று நன்னூல் ஆறு சொல்கிறது, அந்த ஆறும் பெயரெச்சத்துக்குப் பின்னால் வரலாம். பெயரெச்சம் கவனமாகக் காட்டுவது காலத்தை: படித்த, படிக்கிற, படிக்கும்.

ஆங்கிலத்தின் பார்ட்டிசிபிள் இதற்கு நேர் எதிர். காலத்தைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இல்லை. 'பிரசண்ட் பார்ட்டிசிபிள்', 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' என்ற பெயர்கள் இருக்கின்றனவே, அவை நம்மைத் திசைதிருப்பத்தான் உதவும். 'டுமாரோ ஐ வில் பி டயர்ட்' என்று நாளை வரப்போகும் களைப்பைப் பற்றிச் சொல்லும்போதும் அதே 'பாஸ்ட்' வடிவம்தான் வருகிறது. அது காட்டுவது திசையை. வினையை நடத்துவது எதுவோ அதற்கு 'இங்', வினை யார் மீது விழுகிறதோ அவருக்கு 'எட்'. 'போர்' என்ற வினைக்குச் சலிப்பூட்டுவது என்று பொருள். படம் சலிப்பூட்டுகிறது, எனவே அது 'போரிங்'. நான் சலிப்பூட்டப்பட்டேன், எனவே நான் 'போர்ட்'. 'ஐ ஆம் போரிங்' என்று சொன்னால், என்னோடு பேசுகிறவர்களுக்கெல்லாம் அலுப்புத் தட்டும் என்று நானே ஒப்புக்கொள்கிறேன்!

இந்தப் பிழை ஏன் இத்தனை சுலபமாக வருகிறது? நாம் 'எனக்கு போரடிக்கிறது' என்கிறோம். அதில் 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. யார் நடத்துகிறார், யார் மீது விழுகிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இப்போது நடக்கிறது என்பது மட்டும் மனதில் நிற்கிறது. இப்போது நடப்பதற்கு 'இங்' என்று வகுப்பில் படித்திருக்கிறோம், கை தானாக 'போரிங்' என்று எழுதிவிடுகிறது. 'கன்ஃப்யூசிங்', 'கன்ஃப்யூஸ்ட்', 'இன்டரஸ்டிங்', 'இன்டரஸ்டட்' எல்லாம் இதே கணக்கு. சந்தேகம் வந்தால் காலத்தை மறந்துவிட்டுத் திசையை மட்டும் கேளுங்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது. 'ஃபாலன் லீவ்ஸ்' என்றால் விழுந்த இலைகள். இலையை யாரும் விழச்செய்யவில்லை, அதுவே விழுந்தது. 'எஸ்கேப்ட் பிரிசனர்', 'ரிட்டயர்ட் ஜட்ஜ்' எல்லாம் இதே ரகம். செயப்படுபொருள் இல்லாத வினைகளில் யார் மீதும் எதுவும் விழுவதில்லை, அதனால் இந்த வடிவம் முடிந்துபோன நிலையைக் காட்டுகிறது. இங்கே மட்டும் நமது 'விழுந்த', 'தப்பிய', 'ஓய்வுபெற்ற' அப்படியே பொருந்துகிறது.

உச்சரிப்பில் ஒரு சுவாரசியம். 'லேர்ன்' என்ற வினையின் 'எட்' வடிவத்தை வினையாக வரும்போது 'லேர்ன்ட்' என்கிறோம். கற்றறிந்தவர் என்ற பொருளில் பெயரடையாக வந்தால் 'லேர்னெட்' என்று இரண்டு அசையாகச் சொல்ல வேண்டும். 'பிளெஸ்ட்', 'பிளெசெட்' இரண்டுக்கும் இதே கதை. முன்பு பெரும்பாலான 'எட்' வினைகளில் அந்த 'எ' ஒலித்தது. வினையில் அது தேய்ந்துபோக, வேலை மாறிப்போன சொற்கள் பழைய உச்சரிப்பைக் காப்பாற்றி வைத்துக்கொண்டன. வடிவத்திலேயே பழையதைக் காப்பாற்றியவையும் உண்டு. உருகிய உலோகத்துக்கு 'மோல்டன்' என்கிறார்கள், ஆனால் வினையாகச் சொல்லும்போது 'ஹேஸ் மெல்டட்'தான்.

'தி' என்ற சொல்லை முன்னால் போட்டால் இவையே ஆட்களாகவும் மாறும். 'தி அக்யூஸ்ட்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், 'தி வூண்டட்' என்றால் காயமடைந்தவர்கள், 'தி மிஸ்ஸிங்' என்றால் காணாமல் போனவர்கள். நமது வினையாலணையும் பெயர்தான். ஆனால் நாம் எந்த வினையிலும் அதை உருவாக்கலாம், 'நேற்று வந்தவர்', 'கதவைத் தட்டுபவர்' என்று இஷ்டத்துக்கு. ஆங்கிலத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. 'தி கம்' என்றோ 'தி நாக்கிங்' என்றோ சொன்னால் ஆள் கிடைக்க மாட்டார். 'தி பர்சன் ஹூ கேம்' என்று நீட்டி முழக்க வேண்டும்.

'டு' வடிவம், அதாவது இன்ஃபினிடிவ், நமக்கு மிக நெருக்கமானது. 'ஐ வாண்ட் டு ஸ்லீப்', தூங்க வேண்டும். 'எ புக் டு ரீட்', படிக்க ஒரு புத்தகம். 'ஐ கேம் டு ஸீ', பார்க்க வந்தேன். ஆங்கில இலக்கணம் முதலாவதைப் பெயர் வேலை, இரண்டாவதைப் பெயரடை வேலை, மூன்றாவதை வினையடை வேலை என்று பிரிக்கிறது. தமிழில் மூன்றுக்கும் ஒரே வடிவம், செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இங்கே மட்டும் இரண்டு மொழியும் ஒரே மாதிரி கஞ்சத்தனம் செய்கின்றன.

அந்த 'டு' எங்கிருந்து வந்தது? ஓர் இடத்தை நோக்கி என்று காட்டும் அதே 'டு'தான். பழைய ஆங்கிலத்தில் வெறும் வினைவடிவம் 'அன்' என்று முடியும். ஒரு நோக்கத்துக்காக என்று சொல்ல வேண்டுமானால், 'டு' போட்டு அந்த வடிவத்தை நான்காம் வேற்றுமைக்கு மாற்றினார்கள். 'படிப்பதற்கு' என்பதில் உள்ள 'கு' மாதிரியேதான். பிறகு நோக்கப் பொருள் தேய்ந்து, வேற்றுமை விகுதியும் உதிர்ந்து, 'டு' வெறும் அடையாளச் சீட்டாகிவிட்டது. ஆனால் அந்த 'நோக்கி' என்ற வாசம் இன்னும் போகவில்லை.

'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்' என்றால் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன், கதவு திறந்து கிடக்கிறது. 'ஐ ஃபர்காட் லாக்கிங் தி டோர்' என்றால் கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன். கதவு பத்திரமாக இருக்கிறது, எனக்குத்தான் ஞாபகமில்லை. தமிழில் 'பூட்ட', 'பூட்டியதை' என்று இரண்டு வடிவம் எப்படிப் பிரிக்கிறதோ அப்படியே. 'டு' இன்னும் நடக்காததை நோக்கி நிற்கிறது, 'இங்' நடந்ததையோ நடந்துகொண்டிருப்பதையோ கையில் வைத்திருக்கிறது. 'ஸ்டாப்ட் டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றார், 'ஸ்டாப்ட் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினார்.

இதை ஒரு பொதுவிதியாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். முக்கால்வாசி உதவும், மிச்சத்தில் காலை வாரும். 'சஜஸ்ட்', 'போஸ்ட்போன்', 'இமாஜின்' எல்லாம் இன்னும் நடக்காத விஷயத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் பின்னால் 'இங்'தான் கேட்கின்றன. காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பழக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 'கேன்', 'மஸ்ட்', 'லெட்', 'மேக்' இவற்றுக்குப் பின்னால் 'டு' இல்லாத வெறும் வினை வரும், அதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை.

பிழை அதிகம் நடப்பது 'டு' முன்னிடைச்சொல்லாகவே, அதாவது ப்ரெபொசிஷனாகவே, வரும் இடங்களில். அலுவல் மின்னஞ்சல்களைத் திருத்திக் கொடுத்த நாட்களில் நான் சளைக்காமல் மாற்றிய ஒன்று, 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ'. 'டு' வந்துவிட்டதே, வெறும் வினை போதும் என்று நினைக்கிறார்கள். அது இன்ஃபினிடிவ் 'டு' இல்லை, இடத்தை நோக்கி என்று காட்டுகிற பழைய 'டு'. அதற்குப் பின்னால் பெயர்தான் வர முடியும், ஆகவே 'ஹியரிங்'. சோதிப்பது எளிது. 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, எனவே 'இங்' போடலாம். 'வாண்ட் டு இட்' நிற்கவில்லை, எனவே வெறும் வினை. 'யூஸ்ட் டு' சிக்கலும் இதே சோதனையில் தீரும். 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பெல்லாம் ஓட்டுவேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகிவிட்டேன்.

வினையெச்சம் போல வரும் 'இங்' ஒன்றும் இருக்கிறது. 'வாக்கிங் டவுன் தி ரோட், ஐ சா எ ஸ்நேக்', சாலையில் நடந்து போகையில் ஒரு பாம்பைப் பார்த்தேன். நடந்ததும் பார்த்ததும் ஒரே ஆள், எனவே சரி. 'வாக்கிங் டவுன் தி ரோட், எ ட்ரீ ஃபெல் ஆன் மீ' என்று எழுதினால் மரம் நடந்து வந்து மேலே விழுந்ததாக ஆகிவிடும். இலக்கண ஆசிரியர்கள் இதைத் தொங்கும் பார்ட்டிசிபிள் என்று கிண்டல் செய்வார்கள். நமக்கு இந்த விதி புதிதில்லை. 'செய்து' என்னும் எச்சம் தன் எழுவாயை முடிக்கும் வினையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 'நான் சாலையில் நடந்து மரம் விழுந்தது' என்றால் காது உடனே முறைக்கும். எழுவாய் மாற வேண்டுமானால் 'செய' வடிவத்துக்குப் போகிறோம்: 'மழை பெய்ய, பயிர் விளைந்தது'. ஆங்கிலத்தில் அதற்கு ஈடானது, எழுவாயை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது: 'வெதர் பர்மிட்டிங், வீ வில் லீவ் டுமாரோ'. வானிலை இடம் கொடுத்தால் நாளை கிளம்புவோம். ஆங்கிலம் எழுதும்போது 'இங்' கொண்டு வாக்கியத்தைத் தொடங்கினால், கமாவுக்கு அடுத்து வரும் ஆள்தான் அந்தச் செயலைச் செய்தவரா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பித்த ஒரு கூட்டமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 'ரிகார்டிங்', 'கன்சர்னிங்', 'கன்சிடரிங்', 'இன்க்ளூடிங்', 'கிவன்', 'ப்ரொவைடட்' எல்லாம் வினையாகப் பிறந்தவை. இன்று முன்னிடைச்சொல்லாகவும் இணைப்புச்சொல்லாகவும் குடியேறிவிட்டன. 'கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், தி ரிசல்ட் இஸ் குட்' என்றால் முடிவு உட்கார்ந்து வயதைப் பரிசீலித்தது என்று யாரும் சிரிப்பதில்லை. 'டியூரிங்' இன்னும் பழசு. நீடித்தல் என்று பொருள்படும் 'டியூர்' என்ற வினை ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. வினை செத்துப்போயிற்று, அதன் 'இங்' வடிவம் மட்டும் இன்றும் தினமும் வேலைக்கு வருகிறது.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலம் விசித்திரமான மொழி என்று தோன்றினால், நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். 'அதைப் பற்றி' என்கிறோம், 'பற்று' என்பது பிடித்துக்கொள்வது. 'அது குறித்து', 'அவரை விட', 'உன்னைத் தவிர', 'வீட்டிலிருந்து', 'அவன் வந்தான் என்று' எல்லாமே வினைகள். குறி, விடு, தவிர், இரு, என். 'உன்னைத் தவிர யாரும் வரவில்லை' என்னும்போது யாரும் யாரையும் தவிர்க்கவில்லை. 'ரிகார்டிங்' என்பதை ஒரு தமிழர் 'குறித்து' என்று மொழிபெயர்க்கும்போது, இரண்டு மொழியிலும் ஒரே பயணத்தை முடித்த இரண்டு வினைகள் சந்தித்துக்கொள்கின்றன.

வினையடையாகவே ஆகிவிட்ட 'இங்' கொஞ்சம்தான். 'ஃப்ரீசிங் கோல்ட்', 'டிரிப்பிங் வெட்', 'பாய்லிங் ஹாட்'. சொட்டச் சொட்ட நனைந்தான் என்கிறோமே, அந்த மாதிரி. வாலே இல்லாமல் வினை அப்படியே பெயராவதும் உண்டு: 'எ வாக்', 'எ டிரிங்க்', 'எ மஸ்ட்'. 'அவனுக்கு நல்ல அடி', 'கத்தியால் ஒரு வெட்டு' என்று நாம் சொல்லும் முதனிலைத் தொழிற்பெயர் இதுதான். இந்த வகையில் சில சொற்கள் அழுத்தத்தை மட்டும் இடம் மாற்றும். 'ரெக்கார்ட்' என்பதில் முன்பாதியில் அழுத்தம் விழுந்தால் ஆவணம், பின்பாதியில் விழுந்தால் பதிவு செய். 'கெடு' கேடாவதும் 'சுடு' சூடாவதும் நம்மிடம் உயிர் நீண்டு நடக்கிறது, அவர்களிடம் அழுத்தம் நகர்ந்து நடக்கிறது.

கடைசியாக, பயிற்சிக்கு ஒரு வாக்கியம். மொழியியல் வகுப்புகளில் அடிக்கடி வருவது: 'ஃப்ளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்'. இதில் 'ஃப்ளையிங்' ஜெரண்டா, பார்ட்டிசிபிளா? இரண்டும்தான். 'கேன் பி' என்ற இடத்தில் 'இஸ்' போட்டால் 'ஃப்ளையிங்' தலைவர், ஓட்டும் வேலை ஆபத்து. 'ஆர்' போட்டால் 'பிளேன்ஸ்' தலைவர், பறக்கிற பொருள்கள் ஆபத்து. 'கேன்' ஒருமை பன்மையைக் காட்டாது என்பதால் ஆங்கிலம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒளித்துவைக்க முடிகிறது. அதைத் தமிழில் எழுத உட்காருங்கள். 'விமானம் ஓட்டுவது' என்று எழுதுவீர்கள், இல்லாவிட்டால் 'பறக்கும் விமானங்கள்' என்று எழுதுவீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்க நம் வால்கள் இடம் கொடுக்காது.